மாரிச்சாமியின் மூன்றாம் தரப்பு

பொற்குடை காப்பீட்டு நிறுவனத்தின் நாலாவது மாடி அறையில் அன்று இருந்தவர்கள், அவரவர் உட்கார்ந்த இடத்தோடு வருமாறு. மேசைக்குப் பின்னால் நடுவில், கைவைத்த நாற்காலியில், பொறுப்புக் காப்பீட்டுப் பிரிவின் தலைவர் ஊ நியோ வின். அவருக்கு இடப்பக்கம், மூன்று ரப்பர் முத்திரைகளையும் ஒரு மைப்பெட்டியையும் முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டு, குறிப்பெழுதும் அம்மாள் டாவ் தண்டா. வலப்பக்கம், கையில் அளவு நாடாவுடன், ஆபத்து மதிப்பீட்டாளர் சகாயராஜ். இவர் நம் தமிழ்ப்பிள்ளை, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். மேசைக்கு இந்தப் பக்கம், சாய முதுகில்லாத பிளாஸ்டிக் முக்காலியில், விண்ணப்பதாரர் மாரிச்சாமி, வயது அறுபத்து நாலு, யாங்கோன் லான்மடாவ் வாசி. அவருக்கு ஒரு கை தூரத்தில் மெத்தை தைத்த நாற்காலி ஒன்று. அதன் முதுகில் ‘மூன்றாம் தரப்பு’ என்று பர்மிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதில் யாரும் இல்லை.

“இன்னும் வரலையா?” என்று ஊ நியோ வின் அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

“யார் வரணும் சயா?” என்றார் மாரிச்சாமி. இங்கே ‘ஐயா’வுக்குச் ‘சயா’.

“அடிபடப் போறவர்.”

மாரிச்சாமி யாரையும் அடிக்கிற ஆளில்லை. முப்பத்தாறு வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் உட்கார்ந்து இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொண்டவர். வேலை நேரத்தில் கண் சொக்காமலிருக்க ஒரு கொக்கி ஊசியும் உல்லன் நூலும் வைத்திருந்தார். ஓய்வு கொடுத்த பிறகும் கை அதை விடவில்லை. வெந்நீர் பிளாஸ்குக்கு உறை பின்னினார். யாங்கோனில் வீட்டுக்கு ஒரு பிளாஸ்க், டீக்கடையில் மேசைக்கு ஒரு பிளாஸ்க் நிற்கும். அத்தனையும் அம்மணமாக நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கழுத்தில் சுருக்கு, கைப்பிடிக்கு ஒரு துவாரம், அடியில் நட்சத்திரப் பின்னல். அதைவிடச் சாதுவான பொருளை மனிதக் கை செய்ய முடியாது.

மனைவி காலமாகி ஆறு வருஷம். மகள் பினாங்கில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் என்று இவர் சொல்வார், அதற்குள் பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிடும். மற்ற ஆறு நாளும் அவருடைய வாய்க்கு வேலையில்லை. வியாழன், வெள்ளி வாக்கில் சில சமயம் தொண்டையைக் கனைத்து, குரல் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

போன டிசம்பரில் ஏரிக்கரை மண்டபத்தில் மூன்று நாள் கைவினைச் சந்தை நடந்தது. முதல் தடவையாக அதில் ஒரு மேசை எடுத்துப் பார்த்தார். எத்தனை உறை விற்றது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் முதல் நாள் நாற்பத்தொரு பேர், இரண்டாம் நாள் ஐம்பத்தாறு பேர், மூன்றாம் நாள் மழை பெய்தும் முப்பத்தெட்டுப் பேர் அவரோடு பேசினார்கள் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. “இதை எத்தனை நாள்ல பின்னினீங்க?” என்று கேட்டவர்கள் பாதி. “என் மாமியார் தலைக்கு ஆகுமா?” என்று கேட்டவள் ஒருத்தி. அந்த ஒருத்தியை நினைத்து அவர் பிப்ரவரி வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷச் சந்தைக்கு மேசை கேட்டபோதுதான் சுற்றறிக்கை கொடுத்தார்கள். போன சந்தையில் ஒரு விபத்து. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் காகிதக்கூழ் பொம்மை உண்டல்லவா, அதில் ஆள் உயரத்துக்கு ஒன்று செய்து வைத்திருந்தார்கள். ஓர் அம்மையார் அதைத் தள்ளிப் பார்த்தார். பொம்மை திரும்பி வந்து அம்மையாரைத் தள்ளியது. பொம்மை எழுந்து நின்றுவிட்டது, அம்மையார் எழவில்லை. ஆகையால் இனிமேல் மேசை போடுகிறவர் ஒவ்வொருவரும் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லையேல் மேசை இல்லை.

அதற்காகத்தான் இந்த முக்காலி.

சகாயராஜ் மாதிரிக்கு வந்த உறையை நாடாவால் நாலு திக்கிலும் அளந்து, மதிப்பீட்டை வாசித்தார். பொருள் மென்மையானது. ஆனால் வாய் அகலம் மனிதத் தலைக்குப் பொருந்துவதால் ‘முகம் மூடும் சாதனம்’ என்ற வகுப்பில் சேர்கிறது. உபயோகத்தால் ‘கொதிநீர் சார்ந்தது’ என்ற வகுப்பிலும் சேர்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் செய்தால், அதாவது தலையில் மாட்டிக்கொண்டு வெந்நீர் ஊற்றினால், ஆபத்து கடுமையானது. மாரிச்சாமி அப்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்றார். யாரும் செய்யாததைச் செய்கிறவரைத்தான் மூன்றாம் தரப்பு என்கிறோம் என்று ஊ நியோ வின் விளக்கினார். பிறகு நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொண்டார். டாவ் தண்டா பேனாவை மூடி வைத்தார். தலைவர் அடுத்துப் பேசப்போவது குறிப்பில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

“ஜனங்க காப்பீட்டை வியாபாரம்னு நினைக்கிறாங்க. தப்பு. இது அன்பு. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் மேல வைக்கிற அன்பு. பதினோரு வருஷமா இந்தப் பிரிவு நடக்குது. இழப்பீடுன்னு ஒரு பைசா வெளியே போனதில்லை. ஏன்? ஒருத்தருக்கும் அடிபட நாங்க விட்டதில்லை. கட்டுப் போட்டுக்கிட்டு வந்தவங்க உண்டு. ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சுப் பொறுமையா விசாரிச்சோம். வலி இருந்தது, ஒத்துக்கறோம். அடி இல்லைன்னு காகிதத்துல நிரூபிச்சு அனுப்பினோம். மனசு லேசாகித்தான் போனாங்க. ரெண்டு பேரை மட்டும் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியிருந்தது.”

ஆக விஷயம் இதுதான். ஒப்பந்தம் மூன்று தரப்பாருக்கு இடையில். நிறுவனம் இருக்கிறது, விண்ணப்பதாரர் இருக்கிறார். யாருக்கு அடிபடப் போகிறதென்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? எனவே ஒரு மூன்றாம் தரப்பை விண்ணப்பதாரர்தான் கூட்டி வர வேண்டும். டாவ் தண்டா நிபந்தனைகளைப் படித்தார். உறவினர் கூடாது. ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர் கூடாது. கூட வேலை பார்த்தவர், கூடச் சாமி கும்பிட்டவர், நண்பர், விரோதி, யாரும் கூடாது. வட்டார அலுவலகத்தில் அவருடைய விலாசச் சான்று வாங்கி வர வேண்டும். ஆனால் அந்த விலாசத்தை விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாது.

“தெரிஞ்சவருக்கு அடிபட்டா அது குடும்ப விஷயம்,” என்றார் ஊ நியோ வின். “தெரியாதவருக்கு அடிபட்டாத்தான் காப்பீடு.”

கூப்பிட்டால் வர எனக்கு ஆள் கிடையாது சயா என்று மாரிச்சாமி உள்ளதைச் சொன்னார். ஊ நியோ வின்னின் முகம் மலர்ந்தது. அப்படியானால் ஊரே உங்களுக்கு மூன்றாம் தரப்புதான், உங்களைப்போலத் தகுதியுள்ள விண்ணப்பதாரர் அபூர்வம் என்று பாராட்டி அனுப்பினார்.

ஊர் முழுக்க இருந்தாலும் ஊரில் ஒருவர் கிடைப்பது சுலபமாக இல்லை. கியாக்தான் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், எனக்காக நீங்கள் அடிபட ஒப்புக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மனிதர் முன் சீட்டுக்குப் போய், அங்கிருந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனை வரிசையில் கேட்டார். எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றார்கள். லான்மடாவ் கடைவீதியில் ஒரு பெண் போலீசைக் கூப்பிடப் பார்த்தாள்.

கடைசியில் மூன்று தெரு தள்ளி ஒரு டீக்கடையில், மூலை மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணில் பட்டார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களுக்கே உரிய, எதிரில் இருப்பவரின் கண்ணைவிட்டு நெற்றியைப் பார்க்கும் பார்வை.

“பாய், உங்களுக்கு என்னைத் தெரியாதே?”

“தெரியாது.”

“நல்லது. அப்படியே இருங்க.”

விவரத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர், ஜுல்ஃபிகர் என்று பெயர், டீயை ஒரு வாய் குடித்தார். “அப்ப எனக்கு அடிபடணும். அவ்வளவுதானே தம்பி? ஒருத்தர் எங்கிட்ட ஒண்ணு கேட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு. எங்க கையெழுத்து?”

மெத்தை நாற்காலியில் ஜுல்ஃபிகர் உட்கார்ந்த அன்று மூன்று அதிகாரிகளும் எழுந்து நின்று வணங்கினார்கள். நிறுவனத்தின் அன்புக்கு உரியவர் முதல் தடவையாகக் கட்டுப் போடாமல் நேரில் வந்திருக்கிறார். ஆறாம் படிவத்தில் எந்த இடத்தில் காயம் பட விருப்பம் என்று கேட்டிருந்தது. ஜுல்ஃபிகர் இடது முழங்கால் என்றார். அது எப்படியும் வலிக்கிறது, வீணாகப் புது இடம் எதற்கு. முன்பே வலிக்கிற உறுப்பு ஏற்கத்தக்கதல்ல என்று டாவ் தண்டா அடித்துவிட்டு வலது முழங்கால் என்று எழுதினார். பிறகு சோதனை. உறையை அவர் தலையில் மாட்டி நடக்கச் சொன்னார்கள். ஏழு அடி நடந்து இரும்பு அலமாரியில் இடித்தார். சகாயராஜ் தூரத்தை அளந்தார். உறைக்குள்ளிருந்து குரல் வந்தது: உள்ளே கதகதப்பாக இருக்கிறது, குளிர்காலத்துக்கு ஒன்று வேண்டும். மூன்றாம் தரப்பு பொருளால் இன்பம் அடைந்தது விதிக்கு முரண் என்று அந்தச் சோதனையை ரத்துசெய்து, அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள்.

இப்படி ஐந்து வாரம். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் காத்திருப்பு. ‘தரப்பினர் ஒருவரோடொருவர் பேசக் கூடாது’ என்று சுவரில் எழுதியிருந்தது. எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசினார்கள். கண்ணாடி தேய்க்கும் கல்லைப் பற்றி அவர் சொன்னார். இரண்டு ரயிலை ஒரே தண்டவாளத்தில் பார்த்த ஒரு மத்தியானத்தைப் பற்றி இவர் சொன்னார். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பாய்க்குச் சர்க்கரை வியாதி, டீயில் இனிப்புக் கட்டிப்பால் அரைக் கரண்டிக்கு மேல் ஆகாது என்பதெல்லாம் மாரிச்சாமிக்குத் தெரிந்தது. எங்கே குடியிருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் காப்பீடு கெடும். விமானம் தாழ்ந்து போகும்போது வீட்டில் கோப்பைகள் ஆடும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

டீக்கடையிலும் ஒழுங்கு தப்பவில்லை. தினமும் நாலு மணிக்கு முதுகுக்கு முதுகாக அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு நாள் நல்ல மழை, கடை நிரம்பிவிட்டது, கடைக்காரர் இருவரையும் ஒரே மேசையில் தள்ளினார். மறுநாள் மழை இல்லை. யாரும் மேசையை மாற்றவில்லை.

கடைசி அமர்வு ‘அறிமுகமின்மைச் சோதனை’. இவரைத் தெரியுமா, இவருக்கு என்ன வியாதி, இவர் எப்போது சிரிப்பார் என்று இருபத்திரண்டு கேள்விகள். இருவரும் இருபத்திரண்டுக்கும் தெரியாது என்றார்கள். ஊ நியோ வின் மகிழ்ந்துபோனார். இவ்வளவு சுத்தமான அந்நியர்களைத் தன் சேவையில் பார்த்ததில்லை என்று சொல்லி, தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிளாஸ்க் வெறுந்தேநீரும் இரண்டு சின்னக் கோப்பையும் வந்தன.

மாரிச்சாமியின் கை, மாரிச்சாமியைக் கேட்காமல், பிளாஸ்கை எடுத்தது. முதல் கோப்பையில் கொஞ்சம் சூடாக ஊற்றி, சுழற்றி, அதை இரண்டாவது கோப்பைக்கு மாற்றி, அதையும் சுழற்றி, தட்டில் கவிழ்த்தது. பிறகு ஒன்றை நிரப்பி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, ஜுல்ஃபிகரின் முன்னால் வைத்தது. அப்புறம்தான் தனக்கு ஊற்றிக்கொண்டது.

டீக்கடையில் தன்னோடு உட்கார்ந்தவருக்குக் கோப்பையை அலசி ஊற்றுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வது. முன்பின் தெரியாதவருக்கு யாரும் செய்வதில்லை. சகாயராஜ் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கீழே பார்த்தார். டாவ் தண்டா எழுதினார்.

“முப்பது வருஷமா எத்தனையோ மோசடி பாத்திருக்கேன்,” என்றார் ஊ நியோ வின், நிஜமாகவே வருத்தப்பட்டு. “தீ வெச்சவங்க, காலை உடைச்சுக்கிட்டவங்க. கோப்பை கழுவிக் கொடுத்து ஏமாத்தினவங்க இல்லை.”

ஆனாலும் நிறுவனம் அன்பானது. ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார். மேற்படி நபரை எனக்குத் தெரியாது, காப்பீட்டுக் காலமான பன்னிரண்டு மாதமும் தெரிந்துகொள்ள மாட்டேன். பதினைந்து நாளுக்குள் அதில் கையெழுத்திட்டால் சான்றிதழ் உண்டு. சான்றிதழை எடுத்தும் காட்டினார். முத்திரை விழுந்து, மேசை எண் இருபத்தேழு என்று எழுதி, தயாராக இருந்தது.

மாரிச்சாமி வாயைத் திறப்பதற்குள் ஜுல்ஃபிகர் எழுந்துவிட்டார்.

“கோப்பையை யார் அலசிக் கொடுத்தாலும் குடிச்சிருவேன் சயா. கடைப் பழக்கம். இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

கைலியைச் சரிசெய்துகொண்டு, யார் நெற்றியையும் பார்க்காமல் வெளியே போனார்.

மறுநாள் நாலு மணிக்கு மூலை மேசை காலி. அதற்கு மறுநாளும். பெரியவர் வரலையா என்று கடைக்காரரே கேட்டார். நாலாம் நாள்தான் மாரிச்சாமிக்குப் பிடிபட்டது: பாய் மேசை இருபத்தேழைக் காவல் காக்கிறார். இவருடைய மூன்று நாள் சந்தைக்காகத் தன்னுடைய நாலு மணியை விட்டுக்கொடுத்துவிட்டு, எங்கோ வேறு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

விமானம் தாழப் பறக்கும் இடம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனுக்கு பஸ் ஏறினார். அங்கே போய்ப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் மேலேதான் விமானம் பறந்தது. வெள்ளைத் தொப்பி வைத்த, கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த, தமிழ் பேசும் பெரியவர் என்று சில இடங்களில் விசாரித்தார். அவர் உங்களுக்கு யார் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு வந்து, இரண்டு பஸ்ஸைப் போகவிட்டு மூன்றாவதில் ஏறினார்.

பத்தாம் நாள் நாலாவது மாடிக்குப் போய், கோப்பில் இருக்கும் விலாசத்தைக் கேட்டார். கொடுக்க முடியாது என்றார் டாவ் தண்டா. விலாசம் தெரிந்துவிட்டால் அவர் மூன்றாம் தரப்பு அல்ல. அப்படியானால் விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பிறகாவது தருவீர்களா என்று கேட்டார். வாபஸ் வாங்கினால் கோப்பு மூடப்படும். மூடிய கோப்பு கிடங்குக்குப் போகும். கிடங்கில் எது எங்கே இருக்கிறதென்று கிடங்குக்கே தெரியாது.

படி இறங்கும்போது பின்னாலேயே சகாயராஜ் வந்தார்.

“அங்கிள், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. படிவம் ஒன்பதுன்னு ஒண்ணு இருக்கு. அடிபட்டவங்க போடறது எட்டு. ஒன்பது, அடிச்சவரே என் பொறுப்புதான்னு ஒத்துக்கிட்டுப் போடறது. அது தபால்ல வந்தா மூணு நாளைக்குள்ள மூன்றாம் தரப்பு வீட்டுக்கே கொண்டுபோய் நகலைக் கொடுக்கணும். ரூல்.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?”

“பதினோரு வருஷத்துல ஒருத்தரும் போட்டதில்லை அங்கிள். ஒத்துக்கிட்டா சான்றிதழ் போச்சு. இந்த வருஷம் மட்டுமில்லை. உங்க பேரு எல்லாச் சந்தைக்கும் போயிரும். இனி எங்கேயும் மேசை தர மாட்டாங்க.” கொஞ்சம் தயங்கினார். “மேசைக்காகத்தானே அங்கிள் இவ்வளவும்?”

மாரிச்சாமி அவர் நீட்டிய படிவத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டை முடித்து, மேசையைத் துடைத்து, உறுதிமொழித் தாளை ஒரு பக்கமும் படிவம் ஒன்பதை மறுபக்கமும் வைத்தார். நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு, முப்பத்தெட்டு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கூட்டினால் நூற்று முப்பத்தைந்து பேர். அத்தனை பேரில் ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. உறுதிமொழித் தாளை நாலாக மடித்து ஆடும் மேசைக்காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

சம்பவம் நடந்த இடம்: லான்மடாவ், டீக்கடை, மூலை மேசை.

பாதிக்கப்பட்டவர்: திரு. ஜுல்ஃபிகர். எனக்குத் தெரிந்தவர்.

ஏற்பட்ட நஷ்டம்: தினமும் நாலு மணிக்கு உட்காரும் நாற்காலியை இழந்தார்.

காயம் பட்ட உறுப்பு: இரண்டு முழங்காலும் அல்ல.

காரணம்: நான் ஒரு மேசைக்கு ஆசைப்பட்டது.

பொறுப்பு யாருடையது: முழுவதும் என்னுடையது.

நிவாரணம்: மேற்படி நாற்காலி மேற்படி நேரத்தில் காலியாக வைக்கப்படும். கட்டிப்பால் அரைக் கரண்டி. மேசை இருபத்தேழு எனக்குத் தேவையில்லை. அதை அவரிடம் தெரிவிக்கவும்.

படித்துப் பார்த்தார். ‘மேற்படி’ ஒன்று அதிகமோ என்று பட்டது. அலுவலகத்துக்குப் போகிற காகிதம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கையெழுத்திட்டு, தேதி போட்டு, தபால் உறைக்குள் வைத்து, நாலு சோற்றுப் பருக்கையை மசித்து ஓரம் பிரியாமல் ஒட்டினார். அது காய்கிற வரை மேலே உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார்.

தபால் நிலையத்தில் பதிவுத் தபால் ஜன்னலில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். விபத்து என்றார். அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள். அப்போது மணி இரண்டேகால். மூலை மேசையில் நாலு மணி நாற்காலியைக் காலியாகப் பிடித்துவைக்க இன்னும் நேரமிருந்தது.